எல்லாருக்கும் ஒரே சட்டி

ஆயர் குரோ, மலாக்கா
9.3.1996

அன்புள்ள அக்காவுக்கு மோகனா எழுதுவது.

நீங்களும் அத்தானும் பையன்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

இவருடைய அண்ணன் தேவனுக்குக் கருமாதி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பாச்சாங்கில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தவர், “கொஞ்சம் உக்காந்துக்கிறேன்லா” என்று பெஞ்சுக்குப் போனார். எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தாறு வயது. மாமனார் இருளாண்டியும் சிம்பாங் அம்பாட் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான். அந்தக் குடும்பத்து ஆண்கள் யாரும் ஐம்பதைப் பார்த்ததில்லை என்று கருமாதி வீட்டில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இவரை வற்புறுத்தி அழைத்துப்போய் ரத்தம் சோதித்தேன். கொலஸ்ட்ரால் ஏழு புள்ளி எட்டு. ஐந்தைத் தாண்டவே கூடாதாம். இவர் சிரிக்கிறார். “பள்ளிக்கூடத்துல கூட இவ்ளோ மார்க் வாங்குனதில்ல மோகனா” என்கிறார். இவர் குறட்டை விட்டால் எனக்கு நிம்மதி. குறட்டை நின்றால் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

அக்கா, நீங்கள் ஆர்டர் எடுத்துக் கேக் சுடுகிறவர். நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் இதையெல்லாம் எடுத்துவிட்டு வேறு எதைப் போட்டால் ருசி கெடாது? இவருக்குத் தெரியாத மாதிரி மாற்ற வேண்டும். எங்கள் தாமான் குடியிருப்புக்கு இன்னும் டெலிபோன் வரவில்லை, உங்களுக்கும் தோட்டத்து ஆபீஸ் போன்தான். அதனால் விவரமாகவே எழுதுங்கள்.

தர்ஷினிக்குப் போன மாதம் ஒரு வயது ஆனது. கை மடிப்பில் பவுடர் அப்பிக்கொள்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
மோகனா

*

லஹாட் டத்து, சபா
24.3.1996

என் தங்கம் மோகனாவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மழையும் செம்பனைத் தோட்டத்துச் சேறும் வழக்கம்போல். உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். “நான் ரத்தமே குடுக்கமாட்டேன், பாத்தாதானே பயம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவர், வீட்டுக் கணக்கை மட்டும் பார்க்க மாட்டார்.

சொல்கிறேன், கேள். கறிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றும் இடத்தில் கொழுப்பு குறைந்த பாலில் ஒரு கரண்டி சோளமாவு கரைத்து ஊற்று. தயிர் ஊற்றுவதானால் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்று, இல்லையென்றால் திரிந்து தொலையும். கேக்குக்கு வெண்ணெயில் பாதியைக் குறைத்து, நன்றாகக் கனிந்த பிசாங் மாஸ் வாழைப்பழத்தை மசித்துப் போடு. மூன்று முட்டைக்கு ஒரு மஞ்சள் போதும். மாவைப் போட்டபின் நிறைய அடிக்காதே, ரப்பராகிவிடும். கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே வெளியே எடு. நெய் இல்லாத கேக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் காய்ந்துவிடும்.

தம்பி சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. பயப்படாதே. பயந்து சமைத்தால் உப்புதான் கூடும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா கோமளா

*

ஆயர் குரோ
28.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே சாமான் வாங்கப் பாசாருக்கு ஓடினேன். உங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல், இருமல் இல்லையே? பேப்பரில் சபாவில் வெள்ளம் என்று படித்தேன்.

முதல் நாள் தயிர் திரிந்து கோழிக்கறி முழுக்கப் பூத்துப் போனது. இரண்டாம் முறை சரியாக வந்தது. முதல் கேக்கைத் தரையில் போட்டால் துள்ளும், அப்படி இருந்தது. இப்போது கை பழகிவிட்டது. தோசைக்கு எண்ணெயே தடவுவதில்லை. தாளிப்பதை நிறுத்திவிட்டேன். கடுகை வெறும் வாணலியில் வறுத்துப் போடுகிறேன். நெய் டப்பாவைப் பக்கத்து வீட்டு அன்னம்மாவிடம் கொடுத்துவிட்டேன், வீட்டில் இருந்தால் கை போகும்.

ஆச்சரியம், இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “நல்லாத்தான் இருக்கு, போதும்லா” என்று கை கழுவிவிடுகிறார். பேக்டரியில் வேலை அதிகமாம், அதிகமாகச் சாப்பிடுவதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். வீட்டில் இப்போது எல்லாருக்கும் ஒரே சட்டிதான்.

நீங்கள் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கும்,
மோகனா

*

லஹாட் டத்து
15.5.1996

கண்ணு மோகனாவுக்கு,

வெள்ளம் எங்கள் பக்கம் வரவில்லை, நாங்கள் மேட்டில் பத்திரம். சின்னவனுக்கு மட்டும் பல் வலி.

கேக் துள்ளிய கதையைப் படித்து நானும் அத்தானும் சிரித்து முடியவில்லை. தாளிப்பையும் நிறுத்த வேண்டுமா? ஒரு கரண்டி எண்ணெயில் யாரும் செத்ததில்லை. சரி, உன் வீடு, உன் அடுப்பு.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே சட்டி என்று எழுதியிருக்கிறாய். குட்டிக்குத் தனியாகத்தானே சமைக்கிறாய்? நான் எழுதியதெல்லாம் தம்பிக்கு.

அவள் நடந்ததும் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்,
கோமளா அக்கா

*

ஆயர் குரோ
21.7.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். சின்னவனின் பல் சரியானதா?

இவருக்கு மறுபடியும் சோதித்தார்கள். ஏழு புள்ளி ஆறு. நாலு மாதம் நான் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதான். டாக்டரே யோசித்தார். பரம்பரையாக இருக்கலாம், மாத்திரை தர வேண்டியிருக்கும் என்றார். நான் இன்னும் ஒரு தடவை சாப்பாட்டில் பார்க்கிறேன் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். எங்கேயோ கொழுப்பு ஒளிந்திருக்கிறது, அக்கா. தேடித் தேடி எடுக்கிறேன். முட்டை மஞ்சள் முழுக்க நின்றது. கோழியும் நின்றது. கேக்கில் மீதியிருந்த வெண்ணெயும் போய் இப்போது வாழைப்பழமும் பூசணியும்தான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, தண்ணீர் விட்டு.

இவருடைய அம்மா, குஞ்சம்மா அத்தை, தோட்டத்திலிருந்து வந்திருந்தார். ஒரு போத்தல் பசுநெய்யோடு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தர்ஷினிக்குச் சோற்றைப் பிசைந்து நெய் ஊற்றி ஊட்டிக்கொண்டிருக்கிறார். அவளும் ஆவென்று வாங்கிக்கொள்கிறாள். அதே ரத்தம்தானே இவளுக்கும் ஓடுகிறது?

“பச்சப்புள்ளைக்கு ஒரு சொட்டு நெய்யி விட்டா என்னாம்மா ஆயிடும்?” என்றார் அத்தை.

“தேவன் அத்தானுக்கும் இப்படித்தானே ஊட்டுனீங்க?” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை பிசைந்த சோற்றைத் தானே சாப்பிட்டு முடித்தார், வீணாக்கக் கூடாதென்று. “என்னைய பஸ்ஸுல ஏத்திவிடுயா” என்று இவரிடம் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். நெய்ப் போத்தலையும்.

இவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் யாருக்காகச் செய்கிறேன்? நீங்களாவது என் பக்கம் இருங்கள்.

மோகனா

*

லஹாட் டத்து
6.8.1996

மோகனாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் பல்லைப் பிடுங்கியாயிற்று.

நான் எப்போதும் உன் பக்கம்தான், அதனால்தான் கேட்கிறேன். போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. தர்ஷினி என்ன பால் குடிக்கிறாள்? நடக்கிறாளா? கிளினிக்கில் எடை பார்த்தார்களா? மூன்றுக்கும் மூன்று வரி எழுது. மற்றதெல்லாம் பிறகு.

அத்தையிடம் போய்ப் பேசு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

அன்புடன்,
அக்கா

*

லஹாட் டத்து
2.10.1996

மோகனாவுக்கு,

உன் கடிதம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. உடம்புக்கு முடியவில்லையா? நான் கேட்டது தவறென்றால் திட்டியாவது எழுது. சும்மா இருக்காதே.

கோமளா

*

ஆயர் குரோ
12.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்ததா? எல்லாரும் புதுத் துணி உடுத்தினீர்களா? நாங்கள் துக்க வருடம் என்பதால் விளக்கு மட்டும் ஏற்றினோம். ஆனாலும் நெய் உருண்டை பிடித்துப் பார்த்தேன், நெய்க்குப் பதிலாகச் சூடான பாலைத் தெளித்து. பிடிக்கும்போது உருண்டையாகத்தான் இருந்தது. தட்டில் வைத்ததும் ஒவ்வொன்றாக உதிர்ந்து மாவாகிவிட்டது. இவர் கரண்டியால் அள்ளிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரு என்னாலா?” என்றார். சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு.

இவருக்கு ஏழு புள்ளி ஏழு. ஏறியிருக்கிறது, அக்கா. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கிளினிக்குக்கு ஜூனுக்குப் பிறகு போகவில்லை. அங்கே நர்ஸ் மிஸ்ஸிகளுக்கு எடையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. குண்டுப் பிள்ளைதான் நல்ல பிள்ளை அவர்களுக்கு. தர்ஷினி சமர்த்தாக இருக்கிறாள். அடம் இல்லை, ஓட்டம் இல்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தீபாவளிப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். கவுன் போன வருடத்தது, இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கும்,
மோகனா

*

லஹாட் டத்து
20.11.1996

அன்புத் தம்பி கணேஸ்வரனுக்கு,

நலமாக இருக்க வேண்டும். உங்கள் பேக்டரி விலாசத்துக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு எழுதினால் மோகனா படிப்பாள், பதிலும் நெய் உருண்டையைப் பற்றித்தான் வரும்.

தீபாவளிப் படம் வந்தது. நீங்கள் தினமும் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறேன். போன வருடத்துக் கவுன் இரண்டு வயதாகப் போகும் பிள்ளைக்குச் சரியாக இருக்கலாமா, தம்பி? கையைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே பாருங்கள். அவள் சமர்த்து இல்லை, அவளுக்குத் தெம்பு இல்லை.

மோகனாவைத் திட்டாதீர்கள். உங்களை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. எதை எடுத்து எதைப் போடுவது என்று எழுதிக் கொடுத்தவள் நான். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே லீவு போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் அக்கா மாதிரி,
கோமளா

*

மலாக்கா
5.12.1996

அக்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று எனக்குத் தெம்பில்லை. தர்ஷினி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நடுப்பகலில் இவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று வாசலுக்கு ஓடினேன். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினார். காலையிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். தூக்கியவர், “என்னா மோகனா, துணிமூட்ட மாதிரி இருக்கா?” என்றார். உங்கள் கடிதம் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள். லேடி டாக்டர், தமிழ்ப்பெண். என்ன பால், என்ன சாப்பாடு என்று கேட்டார். நான் சொன்னேன் அக்கா, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி சொன்னேன். கொழுப்பு நீக்கிய பால்மாவு, மஞ்சள் இல்லாத முட்டை, எண்ணெய் கிடையாது, ஒரு வயதிலிருந்தே. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“பால்மாவு தகரத்துல எழுதியிருக்கறத படிச்சீங்களா?”

படித்தேன். ‘பாயி’க்கு, அதாவது கைக்குழந்தைக்கு, ஏற்றதல்ல என்று மலாயில் போட்டிருந்தது. ஒரு வயது முடிந்தால் கைக்குழந்தை இல்லையே என்று நானே முடிவு செய்துகொண்டேன். படித்தவள் அல்லவா.

“பெரியவங்களுக்கு மருந்துன்னா புள்ளைக்கும் மருந்தாங்க? இந்த வயசுல மூளை வளர்றதுக்கே கொழுப்பு வேணும்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

உங்கள் மூன்று கேள்விக்கும் இப்போது பதில் எழுதுகிறேன். பால், மேலே சொன்னதுதான். நடை, ஜூனில் சுவரைப் பிடித்து நாலு எட்டு வைத்தாள். ஆகஸ்டில் அதையும் விட்டுவிட்டாள். எடை, ஒரு வயதில் இருந்ததைவிடக் குறைவு. ஜூனில் கிளினிக்கில் பார்த்தபோதே ஏறவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு நான் போகவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன்.

இன்னொன்று. நேற்று வராந்தாவில் இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான் உன் சாப்பாட்ட சாப்புடவே இல்ல மோகனா. காலைல கேன்டீன்ல தேங்காப்பால் ஊத்துன நாசி லெமாக். வேல முடிஞ்சி வர்ற வழியில ரொட்டி சானாய், ஆட்டுக்கறிக் குழம்போட. வீட்ல வந்து ரெண்டு வாய் கொறிப்பேன். நீ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்ப. எப்புடி சொல்றது?”

இவருடைய எண் இறங்கவில்லை என்றுதானே ஒவ்வொன்றாகக் குறைத்தேன்? குறைத்ததெல்லாம் யார் தட்டில் குறைந்தது என்று இப்போது தெரிகிறது. கேன்டீனுக்குப் போகத் தெரியாதவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் முழுப்பால் கொடுத்தால் துப்புகிறாள். முட்டை மஞ்சளை நாக்கால் தள்ளுகிறாள். நான் பழக்கிய தண்ணீர்க் கஞ்சிக்குத்தான் கை நீட்டுகிறாள். நடப்பாளா, பேச்சு வருமா என்று கேட்டேன். டாக்டர் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மோகனா

*

லஹாட் டத்து
14.12.1996

என் கண்ணே,

பிள்ளை இருக்கிறாள், நீ இருக்கிறாய். அதுவே இப்போதைக்கு நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போகவே மனமில்லை. இரண்டு கேக் ஆர்டரைத் திருப்பிவிட்டேன். மே மாதமே நான் புறப்பட்டு வந்திருக்க வேண்டும். உனக்கு மனம் நோகும் என்று பார்த்துப் பார்த்துக் கேட்டதில் ஆறு மாதம் போய்விட்டது. அத்தான் டிக்கெட் எடுத்துவிட்டார். பொங்கல் முடிந்ததும் வருகிறேன்.

அதுவரை சொல்கிறேன், கேள். டாக்டரிடமும் கேட்டுக்கொள். துப்புகிறவளுக்கு வற்புறுத்தி ஊட்டாதே. அவளுக்குப் பிடித்த அந்தத் தண்ணீர்ப் பாலிலேயே முழுப்பாலை ஒரு கரண்டி கலந்து கொடு. நாளைக்கு ஒன்றரை. நாக்குக்குத் தெரியாமல் ஏற்று. கஞ்சியிலும் அப்படியே, சொட்டாகத் தொடங்கு. எடுக்கத் தெரிந்த கைக்குச் சேர்க்கவும் தெரியும்.

அத்தையை அழைத்துக்கொள். ஒற்றையாக இதைச் செய்யாதே.

வந்துகொண்டே இருக்கும்,
அக்கா

*

ஆயர் குரோ
8.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

பயண மூட்டையெல்லாம் கட்டிக்கொண்டிருப்பீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னால் வந்துசேர வேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் மாத்திரை எடுக்கிறார்; தூக்குச் சட்டியில் என் சமையலைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். முதல் நாள் சாயங்காலம் காலிச் சட்டியைத் திறந்து காட்டினார். நான் மோந்து பார்த்தேன். “அட, நம்பலாம்லா” என்றார். நம்பவில்லை. ஆனாலும் தாளிக்கத் தொடங்கிவிட்டேன், ஒரு கரண்டி எண்ணெயில்.

சிம்பாங் அம்பாட் போய் அத்தையை அழைத்து வந்தோம். வாடகைக் காரில் வரும்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் தர்ஷினியைத் தூக்கவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “பாலு எங்கம்மா இருக்கு?” என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் மாறி மாறிக் கலக்குகிறோம். கரண்டியை நான் பிடிக்கும்போது, கூடிவிட்டால் என்ன ஆகும், குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் பயம். தேவன் அத்தான் முகமும் வருகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலும் வருகிறது. டாக்டர் சொன்ன அளவைப் பார்த்துதான் ஊற்றுகிறேன், இருந்தாலும்.

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நடக்கவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுகிறாள், கால் வளைந்து உட்கார்ந்துவிடுகிறாள். பேச்சும் இல்லை என்றுதான் இன்று காலைவரை எழுத இருந்தேன்.

இன்று டம்ளரில் முக்கால்வாசி முழுப்பால். குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. என்னைப் பார்த்து நீட்டினாள். “லாகி” என்றாள். வார்டில் மலாய் மிஸ்ஸிகள் சோறு ஊட்டும்போது, இன்னும் வேண்டுமா என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் வார்த்தை. அம்மா வரவில்லை, அப்பா வரவில்லை, அவளுக்கு முதலில் வந்தது இதுதான்.

டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தேன். அத்தைதான் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “கேக்குதுல்ல, ஊத்துடி” என்றார்.

ஊற்றினேன், அக்கா.

மோகனா